பிடுங்கப் பணம் உண்டு, பிள்ளையை வீட்டில் வைக்கப் பணம் இல்லை!

கனடா தேசத்தின் 2021-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டில் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பூர்வகுடிக் குழந்தைகள் 7.7 சதவீதம். நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. ஆனால் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, வளர்ப்பு வீடுகளில் விடப்பட்டிருக்கும் குழந்தைகளில் அவர்கள் 53.8 சதவீதம். நூற்றுக்கு ஐம்பத்துநான்கு! ஐந்து வருஷத்திற்கு முந்திய 2016-ம் ஆண்டுக் கணக்கில் இந்த விகிதம் 52.2 ஆக இருந்தது. அதாவது, பிரதம மந்திரி முதல் பாதிரிமார் வரை எல்லோரும் மேடையேறி மன்னிப்புக் கேட்டுக் கண்ணீர் சிந்திய அந்த ஐந்து வருஷங்களில் விகிதம் குறையவில்லை, கூடியிருக்கிறது. மனிடோபா மாகாணத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே சர்க்கார் பராமரிப்பில் உள்ள குழந்தைகளில் சுமார் 90 சதவீதம் பூர்வகுடிகளின் குழந்தைகள்.

இதைப் படிக்கும் எவருக்கும் முதலில் தோன்றும் கேள்வி ஒன்றுதான். பூர்வகுடித் தாய்மார் எல்லாம் தங்கள் பிள்ளைகளை அடித்துக் கொல்லுகிறவர்களா? அப்படி எந்த ஆராய்ச்சியும் சொல்லவில்லை. உத்தியோகஸ்தர்களின் கோப்புகளில் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும் காரணம் “அலட்சியம்” என்ற ஒரே வார்த்தை. அந்த வார்த்தையைச் சற்றுக் கீறிப் பார்த்தால் உள்ளே இருப்பது என்ன? வறுமை. நெரிசலான, பூஞ்சை பிடித்த வீடு. குடிக்குத் தகப்பனைப் பறிகொடுத்த குடும்பம். கனடாவில் இதை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான். வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்றால் கூரையைச் செப்பனிட வேண்டும். அங்கே கூரையை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

பள்ளிக்கூடம் மூடியது, வேட்டை நிற்கவில்லை

இந்த வழக்கம் நேற்று முளைத்ததல்ல. நிலத்தைப் பறித்தவன் அந்த நிலத்துக்கு உரியவனின் பிள்ளையையும் பறிக்காமல் நிம்மதியாகத் தூங்க முடியாது. தாய்மொழியில் தன் மலையின் பெயரையும் ஆற்றின் பெயரையும் சொல்லத் தெரிந்த பிள்ளை, நாளை அந்த மலையையும் ஆற்றையும் திருப்பிக் கேட்கும். கனடாவின் முதல் பிரதம மந்திரி மக்டானல்ட் 1883-ல் பார்லிமெண்டிலேயே இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். பிள்ளைகளைக் காட்டுமிராண்டிகளான பெற்றோர்களிடமிருந்து பிரித்து வெகுதூரம் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் வாதம். சர்க்கார் பணத்தில், கிறிஸ்தவ சபைகளின் நிர்வாகத்தில் உறைவிடப் பள்ளிகள் எழுந்தன. 1920-ல் சட்டம் திருத்தப்பட்டு, பிள்ளையை அனுப்பாத தகப்பனுக்குத் தண்டனை என்றாயிற்று. ஒன்றரை லட்சம் பிள்ளைகளுக்கு மேல் இந்தப் பள்ளிகளுக்குள் போனார்கள். அங்கே தாய்மொழி பேசினால் அடி. அண்ணனும் தங்கையும் ஒரே பள்ளியில் இருந்தாலும் பேசிக்கொள்ளக்கூடாது. 4,000 பேருக்கு மேல் உயிருடன் திரும்பவில்லை என்பது ஆவணங்களிலிருந்து இதுவரை பெயர் பெயராக எடுத்த கணக்கு. சர்க்காரின் சொந்த வைத்திய அதிகாரியான டாக்டர் பீட்டர் பிரைஸ் 1907-லேயே இந்தப் பள்ளிகளில் க்ஷயரோகம் பிள்ளைகளை எப்படி வாரிக்கொண்டு போகிறது என்று அறிக்கை எழுதினார். கேட்பார் இல்லை. வேலையை விட்டு விலகிய பிறகு 1922-ல், இது ஒரு தேசியக் குற்றம் என்றே தலைப்பிட்டுச் சொந்தமாகச் சிறு புத்தகம் அச்சடித்து வெளியிட்டார். அப்போதும் கேட்பார் இல்லை.

கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990-களின் பிற்பகுதியில். பள்ளிகளின் கதை இப்போது உலகம் அறிந்தது. அதைவிடக் குறைவாக அறியப்பட்ட கதைதான் நாம் பேசவேண்டியது. பள்ளிகள் ஒன்றொன்றாகத் தளர்ந்தபோதே, அதே வேலையைக் குழந்தை நல இலாகா எடுத்துக்கொண்டது. 1951-ல் இந்தியர் சட்டத்தில் ஒரு ஷரத்து புகுத்தப்பட்டது. (பூர்வகுடிகளை “இந்தியர்” என்று சொல்லும் கொலம்பஸின் பிழை அந்தச் சட்டத்தின் பெயரில் இன்றும் நிற்கிறது.) அந்த ஷரத்தின்படி மாகாணச் சட்டங்கள் ரிஸர்வ் நிலங்களுக்குள்ளும் செல்லும். பிறகு மத்திய சர்க்கார், பிடிக்கப்பட்ட பிள்ளைக்கு இவ்வளவு என்று மாகாணங்களுக்குப் பணமும் கொடுக்கத் தொடங்கியது. விளைவைப் பாருங்கள். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1955-ல் சர்க்கார் பராமரிப்பில் இருந்த 3,433 குழந்தைகளில் பூர்வகுடிகள் 29 பேர். 1964-ல் 1,446 பேர்! பராமரிப்பில் இருந்த மொத்தக் குழந்தைகளில் இது 34 சதவீதத்துக்கு மேல். ஒன்பது வருஷத்தில் அந்தத் தாய்மார் எல்லோருக்கும் பிள்ளை வளர்க்கும் கலை மறந்துபோயிற்றா?

1967-ல் சஸ்காச்சவன் மாகாணம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பூர்வகுடிக் குழந்தைகளைத் தத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று பத்திரிகைகளிலும் டெலிவிஷனிலும் குழந்தைகளின் படத்தைப் போட்டு விளம்பரம் செய்தது. கடை விளம்பரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லை கடந்து அமெரிக்காவுக்கும் குழந்தைகள் அனுப்பப்பட்டார்கள். பெயர் மாற்றப்பட்டது, மதம் மாற்றப்பட்டது, பிறந்த ஊர் மறைக்கப்பட்டது. சுமார் 20,000 குழந்தைகள் இப்படிப் போனார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. 1983-ல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதிய பாட்ரிக் ஜான்ஸ்டன் இதற்கு வைத்த பெயர் “அறுபதுகளின் அள்ளல்”. அகப்பையால் அள்ளுவது போல அள்ளினார்கள் என்று ஒரு குழந்தை நல ஊழியரே வருந்திச் சொன்னதிலிருந்து பிறந்த பெயர் அது. 1985-ல் மனிடோபா மாகாண நீதிபதி கிமெல்மன் விசாரித்துவிட்டு, இது கலாசாரப் படுகொலை என்று நேரிடையாக எழுதினார். ஒரு நீதிபதியின் பேனாவிலிருந்து அந்த வார்த்தை வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

மந்திரியின் வீட்டு வாசலில்

இந்த அக்கிரமத்தைப் பூர்வகுடிகள் வாய்மூடிப் பொறுத்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்பல்லும்சீன் என்ற சிறிய சமூகம் இருக்கிறது. இன்று ஸ்ப்ளாட்ஸின் என்று தங்கள் சொந்த மொழிப் பெயரில் வழங்குகிறார்கள். அந்தச் சமூகத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஏறக்குறைய முழுதுமாக வெளி வீடுகளுக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தார்கள். இளைஞரான தலைவர் வெய்ன் கிறிஸ்டியன் உள்படப் பலர் தாமே வளர்ப்பு வீடுகளில் வளர்ந்து திரும்பியவர்கள். அந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல அவர்களுக்கு ஆராய்ச்சி அறிக்கை வேண்டியதில்லை. 1980-ல் அந்தச் சமூகம் தன் சபையைக் கூட்டி ஒரு துணைச் சட்டம் இயற்றியது. எங்கள் பிள்ளைகளின் நலத்துக்கு எங்கள் சபையே பொறுப்பு என்றது அந்தச் சட்டம். அத்துடன் நிற்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் மாகாணத்தின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அணி அணியாகத் திரண்டு வான்கூவர் நகரை நோக்கிப் புறப்பட்டார்கள். பாட்டிமார், கைக்குழந்தையோடு தாய்மார், முதியவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஊர்வலம் போய் நின்ற இடம் மனிதவள மந்திரி கிரேஸ் மெக்கார்த்தியின் வீட்டு வாசல்.

அன்று மந்திரி இறங்கி வந்தார். பிள்ளைகளைச் சமூகத்திடம் திருப்பித் தர ஒத்துழைப்போம் என்ற உடன்பாட்டில் கையெழுத்திட்டார். மத்திய சர்க்காரும் அந்தத் துணைச் சட்டத்தை ரத்துச் செய்யவில்லை. கருணையால் கிடைத்ததல்ல இது. பாட்டிமாரின் கால்வலியால் கிடைத்தது. கனடாவில் எத்தனையோ கமிஷன்கள் எத்தனையோ சிபாரிசுகளை எழுதிய காலத்தில், ஒரு சின்னஞ்சிறு சமூகம் தானே சட்டம் எழுதி அதை நடைமுறையிலும் நடத்திக் காட்டியது.

கணக்கைப் புரட்டிப் பாருங்கள்

நான் மெட்ரிகுலேஷன் வரை படித்தவன். சட்டப் பண்டிதனல்ல. ஆனால் கணக்கு தெரியும். ஆகவே ரிஸர்வ் நிலங்களில் குழந்தை நல வேலைக்கு மத்திய சர்க்கார் பணம் கொடுத்துவந்த முறையை வாசகர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் மனதில் தங்கினால் போதும் என்றால், அது இதுதான்.

பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்தால், அதற்கான செலவு எவ்வளவோ அவ்வளவும் சர்க்கார் திருப்பிக் கொடுக்கும். உச்சவரம்பு கிடையாது. பிள்ளையை வீட்டிலேயே வைத்து, தாய்க்கு உதவிசெய்து, குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவதற்கு? அதற்கு ஒரு நிலையான சூத்திரத்தின்படி வரையறுத்த தொகை மட்டும். அந்தச் சூத்திரமும், எந்தச் சமூகத்திலும் 6 சதவீதக் குழந்தைகளே பராமரிப்பில் இருப்பார்கள் என்று முன்கூட்டியே ஊகித்துக்கொண்டு போட்டது. அதைவிட அதிகத் துன்பம் உள்ள ஊருக்கு அதிகப் பணம் கிடையாது. இப்படி இருந்தால் ஏஜன்ஸி நடத்துகிறவர் என்ன செய்வார்? அவர் பூர்வகுடியாகவே இருக்கட்டும், நல்ல மனமுள்ளவராகவே இருக்கட்டும். குடும்பத்துக்கு அரிசி வாங்கித் தரப் பணமில்லை. குழந்தையை எடுத்துக்கொண்டு போகப் பணம் கொட்டிக்கிடக்கிறது. மனம் எங்கே இழுத்தாலும் பணம் இருக்கும் பக்கம் போகத்தான் நேரும்.

இதிலும் இன்னொரு அநீதி. 2000-ம் ஆண்டில் சர்க்காரும் பூர்வகுடிகளும் சேர்ந்து நடத்திய பரிசீலனையிலேயே, ரிஸர்வில் உள்ள குழந்தைக்குத் தலைக்கு ஒதுக்கப்படும் பணம் மாகாணங்கள் மற்றக் குழந்தைகளுக்குச் செலவிடுவதைவிட 22 சதவீதம் குறைவு என்று தெரியவந்தது. 2008-ல் தலைமைத் தணிக்கையாளரும் இந்த நிதிமுறை நியாயமற்றது என்று கண்டனம் செய்தார். தெரிந்தே செய்தார்கள் என்று சொல்வதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

2007 பிப்ரவரியில் சிண்டி பிளாக்ஸ்டாக் என்ற பூர்வகுடிப் பெண்மணி நடத்திய குழந்தை நல ஸ்தாபனமும், முதல் தேசத்தார் பேரவையும் சேர்ந்து மனித உரிமைக் கமிஷனில் புகார் கொடுத்தன. சர்க்கார் என்ன சமாதானம் சொல்லிற்று தெரியுமா? நாங்கள் பணம் மட்டும்தான் கொடுக்கிறோம், சேவை செய்வது வேறு யாரோ, ஆகவே பாரபட்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றது! வழக்கு ஒன்பது வருஷம் இழுக்கப்பட்டது. இடையில் அந்தப் பெண்மணியின் சொந்த ஃபேஸ்புக் பக்கத்தைச் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் நோட்டமிட்டுத் தகவல் சேகரித்தது வெளியாயிற்று. அந்தரங்கப் பாதுகாப்புக் கமிஷனரே 2013-ல் அது தவறு என்று தீர்ப்புச் சொல்லும்படி ஆயிற்று. குழந்தைகளுக்கு நியாயம் கேட்ட ஒரு சமூக ஊழியரை வேவு பார்ப்பதற்குச் சர்க்காரிடம் ஆளும் நேரமும் இருந்தது. பணம்தான் இல்லை.

2016 ஜனவரி 26-ந் தேதி டிரிபியூனல் தீர்ப்பளித்தது. இது இனப் பாரபட்சமே என்றது. பிள்ளைகளை எடுப்பதற்கு இந்த நிதிமுறையே தூண்டுகோலாக இருந்தது என்றது. அதன் பிறகும் சர்க்கார் அசைந்து கொடுக்காததால் மீண்டும் மீண்டும் உத்தரவுகள் போடவேண்டி வந்தது. 2019-ல், பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 40,000 டாலர் நஷ்ட ஈடு என்று உத்தரவாயிற்று. அதை எதிர்த்தும் சர்க்கார் கோர்ட்டுக்குப் போயிற்று. தோற்றது. கடைசியில் 2,330 கோடி டாலருக்கு மேற்பட்ட சமரசத்தை 2023 அக்டோபரில் பெடரல் கோர்ட்டு அங்கீகரித்தது. கனடாவின் சரித்திரத்திலேயே பெரிய சமரசத் தொகை என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. முதலிலேயே வீட்டுக்கும் அரிசிக்கும் கொடுத்திருந்தால் எவ்வளவு குறைந்த செலவில் முடிந்திருக்கும் என்று ஒரு பத்திரிகையாவது கணக்குப் போட்டிருக்கலாம்.

மாகாணங்களும் சளைத்தவை அல்ல. பராமரிப்பில் உள்ள குழந்தைகளுக்கென்று மத்திய சர்க்கார் அனுப்பும் விசேஷ உதவித்தொகையை, மனிடோபா மாகாண சர்க்கார் 2005-லிருந்து 2019 வரை ஏஜன்ஸிகளிடமிருந்து வாங்கித் தன் கஜானாவில் போட்டுக்கொண்டது. மொத்தம் 33 கோடி டாலருக்கு மேல். தாயிடமிருந்து பிள்ளையைப் பறித்த பிறகு பிள்ளையின் உண்டியலிலும் கை வைத்தார்கள்! வழக்குப் போடவே முடியாதபடி சட்டமும் செய்தார்கள். அந்த ஷரத்து அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2022-ல் நீதிமன்றம் சொல்லிற்று. 2024-ல் 53 கோடி டாலர் கொடுக்க இசைந்தார்கள்.

“ஆபத்தில் உள்ள பிள்ளையை என்ன செய்வது?”

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நேர்மையான மனிதர்களும் இதைக் கேட்கிறார்கள். 2005-ல் மனிடோபாவில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, பராமரிப்பிலிருந்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு, தாயாலும் தாயோடு வாழ்ந்த மனிதனாலும் கொல்லப்பட்டாள். பல மாதங்கள்வரை அவள் இறந்ததே வெளியே தெரியவில்லை. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து பிள்ளையை எடுக்கத்தான் வேண்டும். யாரும் மறுக்கவில்லை. ஆனால் சர்க்கார் பராமரிப்பு என்பது பத்திரமான இடம் என்று யார் சொன்னது? 2014-ல் வின்னிபெக் நகரில் சர்க்கார் பொறுப்பில் இருந்த பதினைந்து வயதுப் பெண்ணை ஓட்டல் அறையில் வைத்திருந்தார்கள். அங்கிருந்து காணாமற்போன அந்தப் பெண்ணின் உடல் சிவப்பு நதியில் கிடைத்தது. ஆகவே, வீடா சர்க்காரா என்று கேட்பதே தவறான கேள்வி. எடுக்கவேண்டிய பிள்ளையை எங்கே கொண்டுபோய் வைப்பது, யாரைக் கேட்டுக்கொண்டு வைப்பது, திரும்பி வரும் வழியைத் திறந்து வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

வழி இல்லாமலும் இல்லை. மனிடோபாவின் வடக்கே நிசிசவாயசிக் கிரீ சமூகத்தில் ஒரு முறையைக் கையாண்டார்கள். மிக எளிய முறை. வீட்டில் குடியோ சண்டையோ ஏற்பட்டுக் குழந்தைக்கு ஆபத்து என்றால், குழந்தையை எடுப்பதில்லை. பெற்றோரை வெளியே அனுப்புகிறார்கள்! குழந்தை தன் படுக்கையில், தன் அண்ணன் தம்பிகளோடு, தன் பள்ளிக்கூடத்துப் பக்கத்திலேயே இருக்கிறது. சித்தியோ பாட்டியோ ஓர் ஊழியரோ வந்து வீட்டில் தங்குகிறார். தவறு செய்தவர் வெளியே போய்ச் சிகிச்சை பெற்றுத் திருந்தி வரவேண்டும். குற்றம் செய்யாத குழந்தை ஏன் வீட்டைவிட்டுப் போகவேண்டும் என்று ஒருவர் கேட்டுப்பார்த்ததில் பிறந்த யோசனை இது. பெரிய சர்வகலாசாலைகளில் இந்த யோசனை ஏன் பிறக்கவில்லை?

அடுத்தது உறவினர் விஷயம். தாய் இல்லாவிட்டால் பாட்டி, பெரியம்மா, மாமன் என்று தேடுவது எந்தச் சமூகத்துக்கும் இயல்பு. இனுயிட் மக்களிடையே பிள்ளையைச் சொந்தத்துக்குள் தத்துக் கொடுப்பது தொன்றுதொட்ட வழக்கம். அதில் இரகசியமே கிடையாது. பெற்றவள் யார், வளர்ப்பவள் யார் என்று பிள்ளைக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். 1961-ல் வடமேற்குப் பிரதேசத்து நீதிபதி ஸிஸன்ஸ் அந்த வழக்கம் சட்டப்படி செல்லும் என்று தீர்ப்புக் கூறினார். ஆனால் மற்ற இடங்களில் பாட்டியின் கதி என்ன? பாட்டியின் வீட்டில் அறை போதாது, ஜன்னல் அளவு சரியில்லை என்று உத்தியோகஸ்தர் நிராகரிப்பார். அவளிடமே பிள்ளையை விட்டாலும், முகமறியாத வளர்ப்புக் குடும்பத்துக்குக் கொடுக்கும் தொகையைவிடக் குறைவாகவே அவளுக்குக் கொடுப்பார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இந்த இரண்டு தொகைகளும் சமமாக்கப்பட்டதே 2019-ல்தான். பாட்டியின் அன்புக்கு விலை போடத் தேவையில்லை என்று நினைத்தார்கள் போலும். அன்பு இருக்கலாம், ஆனால் பால்காரனுக்கு அன்பைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வானா?

மொழியும் கலாசாரமும் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பிள்ளைக்குச் சோறும் துணியும் கிடைக்கட்டும் என்று சொல்லும் தர்மவான்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. சாண்ட்லர், லலோண்ட் என்ற இரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 200-க்கு அருகே உள்ள பூர்வகுடிச் சமூகங்களில் இளைஞர் தற்கொலைகளை ஆராய்ந்து 1998-ல் வெளியிட்டார்கள். சில ஊர்களில் தற்கொலை விகிதம் தேசச் சராசரியைவிடப் பன்மடங்கு. சில ஊர்களில் ஒரு தற்கொலைகூட இல்லை. வித்தியாசம் எதில்? நிலத்துக்காகப் போராடுவது, சுயாட்சி, தங்கள் பள்ளி, தங்கள் வைத்தியம், கலாசார நிலையம், காவலும் தீயணைப்பும் என்று ஆறு விஷயங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஆறும் சமூகத்தின் கையில் இருந்த ஊர்களில் அவர்கள் ஆராய்ந்த காலத்தில் ஓர் இளைஞன்கூடத் தற்கொலை செய்துகொள்ளவில்லை. பின்னர் நடத்திய ஆராய்ச்சியில், குழந்தை நல வேலை தங்கள் கையில் உள்ள ஊர்களிலும், தாய்மொழி பெரும்பாலோருக்குத் தெரிந்த ஊர்களிலும் தற்கொலை குறைவு என்று கண்டார்கள். ஆகவே மொழி என்பது சோறு தின்ற பிறகு போட்டுக்கொள்ளும் வெற்றிலை பாக்கல்ல. அது பிள்ளையின் உயிரைப் பிடித்து வைத்திருக்கும் கயிறு.

ஆகையால் குழந்தை நல ஊழியர் என்று ஒருவர் அங்கே வேலைக்குப் போனால், அவர் முதலில் செய்யவேண்டியது படிவத்தை நிரப்புவது அல்ல. அந்தப் பிள்ளையின் சொந்தக்காரர் யார், எந்த ஊர், எந்த மொழி, பெரியவர்கள் யார் என்று விசாரித்துக் குறித்துக்கொள்ளட்டும். வெளி வீட்டில் வைக்கவேண்டிய நிர்ப்பந்தம் வந்தாலும் அண்ணன் தங்கைகளைப் பிரிக்காதிருக்கட்டும். திருவிழாவுக்கும் சாவுக்கும் அந்தப் பிள்ளை சொந்த ஊருக்குப் போய்வர வண்டிச் செலவு கொடுக்கட்டும். வண்டிச் செலவு சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் ஊர் 500 மைல் தூரத்தில் இருந்து, விமானத்தில்தான் போகமுடியும் என்றால், அந்தச் செலவுதான் உறவு இருக்குமா அறுந்துபோகுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

சட்டம் வந்தது, பணம்?

போராட்டங்களின் பலனாக 2019-ல் கனடாப் பார்லிமெண்டு ஒரு சட்டம் நிறைவேற்றியது. 2020 ஜனவரி 1 முதல் அமுலில் இருக்கிறது. அதில் இரண்டு ஷரத்துகள் மிக முக்கியமானவை. வறுமை, வீடு போதாமை, பெற்றோரின் நோய் இவற்றை மட்டுமே காரணமாகக் காட்டிப் பிள்ளையை எடுக்கக் கூடாது என்பது ஒன்று. எடுக்கவேண்டி வந்தால் முதலில் தாய் அல்லது தந்தை, பிறகு குடும்பத்தில் வேறொருவர், பிறகு அதே சமூகத்தைச் சேர்ந்தவர், பிறகு வேறு பூர்வகுடிச் சமூகத்தைச் சேர்ந்தவர், கடைசியில்தான் மற்றவர் என்று வரிசை வகுத்தது இன்னொன்று. இதற்கெல்லாம் மேலாக, பூர்வகுடிச் சமூகங்கள் தாங்களே குழந்தை நலச் சட்டம் செய்துகொள்ளும் உரிமையை அது ஒப்புக்கொண்டது. கியுபெக் மாகாண சர்க்கார் இதை எதிர்த்து வழக்காடியது. தன் மொழிக்கும் கலாசாரத்துக்கும் ஆபத்து என்று ஓயாமல் முழங்கும் கியுபெக்! ஒட்டாவாவிடம் தான் கேட்கும் உரிமையைத் தன் எல்லைக்குள் இருக்கும் கிரீ மக்களுக்கும் இன்னு மக்களுக்கும் கொடுக்க மனமில்லை. 2024 பிப்ரவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, சட்டம் முழுவதும் செல்லும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் இதே போன்ற சட்டம் 1978-லேயே வந்தது. அதற்கு முன் அங்கே நடந்த ஆய்வுகளில், நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை பூர்வகுடிப் பிள்ளைகள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டிருந்தார்கள். அந்தச் சட்டத்தை உடைக்க டெக்ஸாஸ் மாகாணமும் சிலரும் வழக்காடி, 2023 ஜூனில் ஏழுக்கு இரண்டு என்ற நீதிபதிகளின் பெரும்பான்மையில் தோற்றார்கள். ஆஸ்திரேலியாவோ 2008-ல் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு முன்பைவிட அதிகமான பிள்ளைகளை எடுத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும்.

கனடாவின் சஸ்காச்சவன் மாகாணத்தில் கவெஸஸ் என்ற சமூகம் புதிய சட்டத்தின்கீழ்த் தன் சொந்தக் குழந்தை நலச் சட்டத்தை எழுதி, 2021 ஜூலை 6-ந் தேதி மத்திய, மாகாண சர்க்கார்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. இந்தப் புதிய சட்டத்தின்கீழ் அப்படிச் செய்த முதல் சமூகம் அது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் அதே ஊரில், பழைய மரிவல் உறைவிடப் பள்ளியின் பக்கத்தில் ரேடார் கருவி 751 பெயரற்ற புதைகுழிகளைக் காட்டியிருந்தது. அது பொதுக் கல்லறைத் தோட்டமாகவும் இருந்ததால் எல்லாம் குழந்தைகளின் குழிகள் என்று சொல்லமுடியாது என்று அந்தச் சமூகமே நிதானமாக விளக்கியது. இறந்தவர்களைத் தேடிய அதே காலத்தில் உயிரோடு இருக்கும் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவர அவர்கள் உடன்படிக்கை செய்துகொண்டார்கள்.

டொராண்டோவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நம் தமிழ் மக்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கச் சனிக்கிழமை தோறும் பாடுபடுகிறவர்கள். வோட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம் இந்த விஷயத்தையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

சட்டம் உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தில் பணத்துக்கு உத்தரவாதம் இல்லை. பணம் அவ்வப்போது பேரம் பேசி வாங்கவேண்டியது. ரிஸர்வ்களில் குழந்தை நல வேலையைச் சீர்திருத்தப் பத்து வருஷங்களில் 4,780 கோடி டாலர் தருகிறோம் என்று மத்திய சர்க்கார் ஒரு திட்டம் வைத்தது. 2024 அக்டோபரில் கால்கரி நகரில் கூடிய முதல் தேசத்தார் தலைவர்கள் அதை வோட்டுப் போட்டு நிராகரித்தார்கள். இவ்வளவு பெரிய தொகையை வேண்டாம் என்கிறார்களே, என்ன நன்றிகெட்ட ஜனங்கள் என்று சில பத்திரிகைகளுக்கு ஆச்சரியம். தலைவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. டிரிபியூனலின் கண்காணிப்பிலிருந்து சர்க்காரை விடுவித்துவிட்டு, பத்து வருஷம் கழிந்ததும் பணம் நின்றுபோனால், பதினோராவது வருஷம் பிறக்கும் பிள்ளையை யார் காப்பாற்றுவது? ஒட்டாவா சர்க்கார் அதற்குத்தான் எழுத்து மூலம் பதில் சொல்லவேண்டும்.